கோட்டில் இரண்டு பூ

என் கணவன் வில்ஃபுக்கு வலது கை கிடையாது. பிரான்ஸ் சேற்றில் விட்டுவிட்டு வந்தான். அவன் சிநேகிதன் சிரிலுக்கு இடது கை கிடையாது. லண்டனில், ஊனமுற்ற சிப்பாய்களுக்கான பட்டறையில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, போரில் செத்தவர்களுக்கான நவம்பர் நினைவு நாளில் கோட்டில் குத்திக்கொள்ளச் சிவப்புக் காகிதப் பூ செய்வார்கள். ஒருவன் கம்பியைப் பிடிக்க, மற்றவன் இதழைச் செருகுவான். "ரெண்டு பேரும் சேர்ந்தா ஒரு முழு ஆள்டா" என்பான் சிரில். "அதுவும் சோம்பேறி ஆள்" என்பான் இவன்.

அந்த வருஷம் எங்கள் பெண்கள் சங்கத்தில் வெள்ளைப் பூ செய்தோம். இனிமேல் சண்டையே கூடாது என்பதற்காக வெள்ளை. உலக அரசியல் எனக்கென்ன தெரியும்? எங்கள் மகன் லென்னுக்குப் பதினாறு முடிந்துவிட்டது, அது தெரியும்.

வில்ஃபின் கோட்டுக்குத் தினமும் நான்தான் பொத்தான் போடுவேன். அன்று காலை அவன் லென்னைத் திட்டிக்கொண்டிருந்த சமயம் பார்த்து, சிவப்புப் பூவை ஒட்டி வெள்ளைப் பூவையும் குத்திவிட்டேன். கேட்டிருக்கலாம். வேண்டாம் என்று சொல்லிவிடுவானோ என்று பயம். திருட்டுத்தனம்தான், வேறென்ன?

மத்தியானமே திரும்பி வந்துவிட்டான்.

"சிரில் கம்பி பிடிக்க மாட்டேன்னுட்டான். நம்ம பசங்க செத்தது வீணான்னு கேக்கறான். வெள்ளையக் கழட்டுன்னான்."

"கழட்டியிருக்கலாமே, வில்ஃப்."

"என் மேபல் குத்தினது, அவ கையாலதான் எடுக்கணும்னு சொல்லிட்டேன்."

"மத்தவங்க?"

"யாரும் ஒண்ணும் சொல்லல. கம்பியும் பிடிக்கல. ஒத்தக் கையால மூணு பூ செஞ்சேன். மூணும் கோணல்."

"எடுத்துட்டா சிரில் வருவானா?"

"வருவான். மடையன், ஆனா நல்லவன்."

"நீ சொல்லு. எடுக்கவா?"

"என்னைக் கேட்டா குத்தின?" கோபமே இல்லாமல் கேட்டான். வைதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மறுநாள் காலை கோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். விரல் வெள்ளைப் பூவின் மேல்தான் இருந்தது. அடுப்படித் தொட்டியருகே லென், முளைக்காத தாடியை அப்பாவின் கத்தியால் சிரைத்துக்கொண்டிருந்தான். "அம்மா, பெரிய ஆளாயிட்டேன் பாரு" என்று சிரித்தான்.

பொத்தான்களைக் கழுத்துவரை போட்டேன். பூவை எடுக்கவில்லை. வில்ஃப் குனிந்து பார்த்தான். "சரி, வரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பட்டறைக்கு நடந்தான்.

போன வலது கை சிரில் உருவத்தில் அவனுக்குத் திரும்பக் கிடைத்திருந்தது. நான்தான் அதை வெட்டினேன். தெரிந்தேதான் வெட்டினேன்.