வண்டி திரும்பிய சத்தம்

அப்துல் ஹைக்குத் தன் ஜப்பான் கார்மேல் இருந்த மோகத்தை ஊரே கேலி செய்யும். குவைத் வெயிலில் காய்ந்து சம்பாதித்து, கப்பலில் கொண்டுவந்த இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார். வந்த சூட்டோடு மெட்ராஸில் சைலன்சரை மாற்றி, நம்ம மணல் ரோட்டுக்காக ஸ்பிரிங்கையும் உயர்த்தினார். அப்புறம் அது போட்ட சத்தத்தில் ஏரிக்கொக்கெல்லாம் எழும்பிப் பறக்கும். திருப்பாலைவனம் ரோட்டிலிருந்து வண்டி ஊருக்குள் திரும்பும்போதே அவர் மனைவி பரக்கத் பீவி மடவை மீனை எண்ணெயில் போட்டுவிடுவாள். அவர் கைகால் கழுவி உட்காரும்போது மீன் சூடாக இருக்கும்.

அந்த மனுஷன் கடைத்தெருவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து இரண்டு மாதம் ஆகிறது. பரக்கத் பீவி இத்தா இருக்கிறாள். புருஷன் போனால் நாலு மாதம் பத்து நாள் வாசலுக்கு வரக்கூடாது, வேற்று ஆண் கண்ணில் படக்கூடாது. காரை விலைபேச வந்தவர்களையெல்லாம் திரைக்குப் பின்னாலிருந்தே விரட்டிவிட்டாள். பிள்ளையா குட்டியா, அவருடையதென்று அவளுக்கு மிஞ்சியது அது ஒன்றுதான்.

"உப்புக்காத்து தகரத்தைத் தின்னுதுக்கா. வெச்சிக்கணும்னா வாரம் ஒருக்கா ஓட்டணும், இல்லாட்டி இன்ஜின் போயிடும்," என்று அவள் தம்பி ஜெகபர் அலி கெஞ்சினான். "மெட்ராஸ்லேர்ந்து வரதன்னு ஒருத்தர் வந்துகிறாரு. ஓட்டி மட்டும் பாக்கட்டும்."

"பாக்கட்டும். நான் குடுக்க மாட்டேன்."

வண்டி உறுமிக்கொண்டு போனது. வந்தவரைச் சோறு போடாமல் அனுப்ப முடியுமா? அவள் மீனுக்கு மசாலா தடவிக்கொண்டிருந்தாள்.

சற்று நேரத்தில் தெருமுனையில் அந்தச் சத்தம் திரும்பி வந்தது. கை தானாக மீனை எண்ணெயில் போட்டது. செம்பில் தண்ணீர் மொண்டுகொண்டு திரைவரைக்கும் வந்துவிட்டாள்.

"வந்துட்டீங்களா மச்சான்?"

திரைக்கு அந்தப் பக்கம் நின்றது ஜெகபர் அலி. அவள் செம்போடு அப்படியே உட்கார்ந்து அழுதாள். அவரை இரண்டாம் தடவை சாகக்கொடுத்தது போலிருந்தது. உள்ளே மீன் கருகியது.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "குடுத்துடு ஜெகபரு. வெச்சிருந்தா ஓட்டணும். ஓட்டினா திரும்பி வரும். என்னால முடியாது." செம்பைக் கீழே வைத்துவிட்டு, "நம்ம தெருவுல மட்டும் ஸ்டார்ட் பண்ண வேணாம்னு சொல்லு," என்றாள்.

வரதன் ஏனென்று கேட்கவில்லை. ஜெகபர் அலி காரைத் தள்ள, அவரும் தோள் கொடுத்தார். பள்ளிவாசலில் மதியம் லுஹர் தொழுதுவிட்டு வந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஊரையே எழுப்பிய கார், அடக்கத்துக்கு ஜனாஸா போகிற மாதிரி, வாயைத் திறக்காமல் தெருவைத் தாண்டியது. திருப்பாலைவனம் ரோடுவரைக்கும் தள்ளிக்கொண்டே போனார்கள்.