இருதயத்தின் கல்லறை நடந்த வழி

கூடலூரில் காலராவில் இறந்த இருதயம் என்ற வண்டிக்காரரின் கல்லறை, நூறு வருடங்களுக்கும் மேலாகக் கம்பம் பள்ளத்தாக்கில் வைகை அணைப் பக்கமாக நடந்துகொண்டிருந்தது. நாளொன்றுக்கு ஐந்தாறு முழம் போகும். நல்ல மழையென்றால் அதுவும் கிடையாது. திராட்சைத் தோட்டக்காரர்கள் பந்தல் கம்பியைத் தளர்த்தி வழிவிட்டார்கள். வாழை வைத்தவர்கள் இரண்டு கன்றைப் பிடுங்கி ஓரமாக நட்டுக்கொண்டார்கள். அது கம்பத்தில் நெடுஞ்சாலையைக் கடந்தபோது போலீஸ்காரர்கள் தடுப்பு வைத்தார்கள், குமுளி ஜீப்புகள் ஹாரன் அடித்தபடி சுற்றிப்போயின. அந்த வாரம் பன்னீர் திராட்சைக்கு நல்ல விலை கிடைத்ததால் யாருக்கும் அதைப் பற்றிப் பேச நேரமிருக்கவில்லை. சில ஊர்களில் மட்டும் அது வருடக்கணக்கில் நின்றுவிடும். பிறகு யாரோ கூப்பிட்டதுபோலக் கிளம்பும்.

உத்தமபாளையம் பக்கத்துப் பள்ளியொன்றில் கணக்கு டீச்சராக இருந்த ஷெரின்தான் அதற்கு உறவு தேடியவள். சனி ஞாயிறானால் ஒரு வாளி, மெல்லிய பிரஷ், முகம் பார்க்கும் கண்ணாடி இவற்றோடு கல்லறைத் தோட்டங்களுக்குக் கிளம்பிவிடுவாள். வெயிலைக் கண்ணாடியில் வாங்கிக் கல்லின்மேல் சாய்வாக அடித்தால் தேய்ந்துபோன எழுத்து நிழலோடு எழுந்துவரும். அப்படி அவள் படித்துச் சொன்ன பெயர்களால் எத்தனையோ குடும்பங்கள் தங்கள் ஆட்களைக் கண்டுபிடித்தன. பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு வீட்டார் ஒரே பூட்டனின் பிள்ளைகள் என்று நிரூபித்து, அவர்கள் சொத்துக்காக இன்னும் பெரிதாகச் சண்டை போடவும் வழிசெய்திருக்கிறாள். அதற்கெல்லாம் சலித்துக்கொள்ளாத மனசு அவளுக்கு. யாரென்றே தெரியாத ஒருவருக்காக இவ்வளவு மெனக்கெடுகிறவர்களை இந்தப் பள்ளத்தாக்கு அதிகம் பார்த்ததில்லை.

நடக்கிற கல்லில் இருதயம் என்ற பெயரை வெளியே கொண்டுவந்தவளும் அவளே. கூடலூரில் அடக்கம் செய்த பதிவு கிடைத்தது. மனைவி பெயர் எங்கும் இல்லை. கம்பத்திலிருந்து தேனிவரை ஒரு மாதா கோயிலையும் விடாமல் கல்யாணப் பதிவுகளைப் புரட்டினாள், கத்தோலிக்க ஊர்களில் வீடு வீடாக ஏறி இறங்கினாள், ஒன்றும் கிடைக்கவில்லை. அந்தப் பக்கத்தைக் கரையான் தின்றிருக்கும் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். அதற்குள் கல்லறை ஆண்டிபட்டிப் பக்கம் போய், அணைத் தண்ணீரை ஒட்டிய சோளக்காட்டில் ஏறிவிட்டது. நேரே போனால் தண்ணீர்தான். இரத்த உறவு யாராவது கையெழுத்துப் போட்டால் கிரேன் வைத்துத் தூக்கி மேட்டில் கட்டித்தருகிறோம் என்று அதிகாரிகள் சொன்னார்கள். உறவைத் தவிர எல்லாம் தயாராக இருந்தது. நூறு வருடம் நடந்த மனிதர் கடைசியில் அநாதையாக மூழ்கப்போகிறாரே என்று ஷெரினுக்குச் சோறு இறங்கவில்லை.

கல்லறைத் திருநாளன்று வழக்கம்போல அவருக்கு மெழுகுவத்தி ஏற்றப் போனாள். தீப்பெட்டி நனைந்திருந்தது. சோளக்காட்டுக்காரி சங்கிலியம்மாளிடம் கேட்க, அந்த அம்மாள் தீப்பெட்டியோடு தானும் ஒரு மெழுகுவத்தி எடுத்துவந்தாள். நெற்றி நிறையத் திருநீறு.

"எங்க வீட்டுலயும் இன்னைக்குத்தான் டீச்சர் கொளுத்துவோம். எங்க அப்பத்தாவைப் பெத்தவளுக்குக் கும்பிடுற நாளு. தேங்கா ஒடச்சு, சூடங் காட்டி, கடைசியில ஒரு மெழுகுவத்தி. அவ புருசனுக்கு அதுதேன் புடிக்கும்னு சொல்லுவாக."

"அவர் பேரு என்னம்மா?"

"அவ சொன்னாத்தான? புருசன் பேரச் சொல்லுவாளா? வண்டிக்காரரு, வண்டிக்காரருன்னே சொல்லிக் காலத்த ஓட்டிட்டா. கூடலூர்ல வாந்திபேதியில போயிட்டாராம். இவ கைப்பிள்ளையத் தூக்கிக்கிட்டுக் கூலி வேலைக்கு ஊர் ஊரா வந்தா."

எந்தெந்த ஊர் என்று ஷெரின் கேட்டாள். சங்கிலியம்மாள் விரல் மடக்கிச் சொன்ன ஊர்களெல்லாம் கல்லறை வருடக்கணக்கில் நின்ற ஊர்கள், அதே வரிசையில். சிலுவை போட்ட கல்லுக்குச் சிலுவை போட்ட வீட்டில்தான் உறவு இருக்கும் என்று இத்தனை வருடம் நம்பியிருந்த ஷெரின், கோயிலில் நடக்காத கல்யாணத்தைக் கோயில் பதிவில் தேடிய தன் புத்தியை நினைத்துச் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். இந்தக் கல்லு உங்க பூட்டன்தான் என்றாள். சங்கிலியம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, வீட்டுக்கு வந்த பெரியவருக்குச் செய்வதுபோலக் கல்லைக் கழுவி, விழுந்து கும்பிட்டாள்.

ஷெரின் கையெழுத்து விஷயத்தைச் சொன்னாள். இன்னும் தாமதித்தால் தண்ணீருக்குள் போய்விடும் என்றாள். சங்கிலியம்மாள் பேனாவை வாங்கினாள். எழுதவில்லை.

"மேட்டுல வெச்சு இவரு அங்கன என்னத்தா பண்ணுவாரு? இவரு பொண்டாட்டி எங்கன கெடக்கா தெரியுமா? அந்தா, தண்ணிக்குள்ள. எங்க பழைய ஊருலதேன் பொதைச்சாக. அணை கட்டுனப்ப ஊரு, சுடுகாடு எல்லாம் உள்ள போயிருச்சு. இம்புட்டுத் தூரம் நடந்து வந்தவர வீட்டு வாசல்ல மறிக்கச் சொல்றியாத்தா?"

எத்தனை வருட அலைச்சல், எத்தனை பேரிடம் கெஞ்சல், எல்லாம் அந்த ஒரு கையெழுத்துக்காகத்தான். ஆனாலும் ஷெரின் பேனாவைத் திரும்ப வாங்கிப் பைக்குள் போட்டாள். பெரிய மனசுதான் அது. அதிகாரிகளுக்கு அவளே போன் செய்து கிரேன் வேண்டாம் என்றாள்; அவர்களும் அந்த வண்டியை வேறு வேலைக்கு அனுப்பிவிட்டார்கள்.

பங்குனியில் கல்லறை தண்ணீருக்குள் இறங்கியது. வழக்கமான வேகம்தான், முழங்கால் அளவு, இடுப்பளவு, பிறகு சிலுவை மட்டும், பிறகு அதுவும் இல்லை. பரிசல்காரர்கள் சில மாதம் வலையை அந்தப் பக்கம் வீசாமல் இருந்தார்கள்.

மூன்றாவது கோடையில் அணை வற்றியது. ஷெரினும் சங்கிலியம்மாளும் வெடித்த சேற்றில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பழைய ஊர் இருந்த இடத்துக்குப் போனார்கள். பெயர் எழுதாத ஒரு கற்குவியலை ஒட்டி, அதன் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கல்லறை நின்றது. சேற்றில் அதற்குப் பின்னால் மட்டும் தடம் இருந்தது. முன்னால் இல்லை.

சங்கிலியம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, தன் பூட்டிக்குப் பதிலாக அவரைத் திட்டினாள். "பொண்டாட்டிய விட்டுட்டு இம்புட்டு நேரமாவா வருவீக?"

தெற்கே வருசநாட்டு மலைமேல் மேகம் கறுத்திருந்தது. இருவரும் கரையேறினார்கள். கல்லறை வரவில்லை.