மரவாய்க்கால்

அப்பாவின் காதுக்குள்ளிருந்து இன்னொரு பொடிக் கல்லை எடுத்துத் தரையில் வைத்தாள் மகள். வாசற்படியில் நின்றிருந்த பெரியப்பா தொண்டையைச் செருமினார்.

"அந்தத் தண்ணிய வெளிய ஊத்திடாதம்மா."

"எந்தத் தண்ணிய?"

"அவனக் கழுவுற தண்ணியத்தான். தலையெல்லாம் கரை மண்ணு. ஓரமா வாளியில இருக்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம்."

துணி பிழிந்த கை அப்படியே நின்றது. பெரியப்பாவைக் கெட்டவர் என்று யாரும் சொன்னதில்லை. உதவி கேட்டு வருகிறவர்களுக்கு ஆறுதலை அள்ளி அள்ளிக் கொடுப்பார்; அதற்கு எடை போட வேண்டியதில்லை பாருங்கள். தும்மினால்கூடக் கைக்குட்டையைப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் மடிப்பார், தங்கத் தூளேதும் தப்பிவிடக் கூடாதென்று. அவருக்குத் 'தராசு' என்று பேர் வைத்தவரே அப்பாதான்.

அவள் வாளியைத் தூக்கிப் போய், அவர் கண்ணெதிரே முற்றத்தில் கவிழ்த்தாள்.

ஆற்றில் தங்கம் எடுப்பது மந்திர வேலை ஒன்றுமில்லை. கரையை வெட்டிச் சரளையை, பலகைகளால் அடித்த மரவாய்க்காலின் தலைமாட்டில் கொட்டி, ஆற்றுத் தண்ணீரைத் திருப்பிவிட வேண்டும். கல்லும் மணலும் ஓடிவிடும். தங்கம் கனத்த ஆசாமி, ஓட வராது; அடிப்பலகையில் அறைந்திருக்கும் குறுக்குச் சட்டங்களில் இடறி உட்கார்ந்துவிடும். அதையும் தாண்டுகிற பொடியைப் பிடிக்கக் கால்மாட்டில் ஒரு பழைய கம்பளி. வாரக் கடைசியில் தண்ணீரை அடைத்து, வழித்தெடுத்து, தட்டில் போட்டு அலசினால் கறுப்பு மணலின் ஓரமாக மஞ்சளில் ஒரு கீற்று தெரியும். அந்தக் கீற்றுக்காக அண்ணனும் தம்பியும் ஒரு கரையையே கரைத்துக்கொண்டிருந்தார்கள்.

கரை உள்ளே குடைந்துகொண்டே போயிற்று. போன மாதம் பலகை வந்து இறங்கியபோது, "முட்டுக் கொடுத்துடலாம்ணே, தலைக்கு மேல தொங்குது," என்றார் அப்பா. மகள்தான் அப்போது இருவருக்கும் சோறு பரிமாறிக்கொண்டிருந்தாள்.

"வாய்க்கால நீட்டினா இன்னும் கொஞ்சம் தங்கும். மண்ணு என்ன நேத்தா நிக்குது?" என்றார் பெரியப்பா.

அப்பா சிரித்துவிட்டுச் சாப்பிட்டார். அண்ணன் பேச்சைத் தட்டத் தெரியாத மனுஷன். பலகைகள் வாய்க்காலுக்குப் போயின. நேற்று மத்தியானம் அப்பாவின் தலைமேல் சரிந்து மண் பதில் சொல்லிவிட்டது.

தச்சர் அப்பாவை நூல் பிடித்து அளந்து முடித்தார். நூலைச் சுருட்டிக்கொண்டே, "அளவெல்லாம் சரிதான். பெட்டிக்குப் பலகைதான் இல்ல," என்றார். "பாலம் இடிஞ்சு போனதுலேருந்து ஒரு குச்சிகூட ஊருக்குள்ள வரலம்மா. பாயில சுத்தித்தான் எடுக்கணும்."

"பலகை இருக்கு," என்றாள் மகள்.

"எங்க?"

"ஆத்தோரமா. தண்ணி ஓடிக்கிட்டிருக்கு அதுல."

பெரியப்பாவுக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. "கூறுகெட்டுப் பேசாத. அது தொழில் சாமான்."

"அப்பாவும் உங்களுக்கு அப்படித்தானே பெரியப்பா."

அவர் முகம் சுருங்கியது. பிறகு பழக்கம் விடவில்லை, பேரத்தில் இறங்கினார். "சரி, உன் பேச்சும் வேணாம், என் பேச்சும் வேணாம். பாதிப் பலகைய எடுத்துக்க."

"அப்போ பாதி அப்பாவத்தான் புதைக்கணும்."

தச்சர் சட்டென்று தன் பையைத் துழாவத் தொடங்கினார்.

"சாயங்காலம் வரைக்குமாவது பொறும்மா. வாரம் பூரா ஓடின சரக்கு உள்ள கெடக்கு. ஒரு தடவ வழிச்சுட்டா முழுசா எடுத்துக்க. அவன் எங்க போயிடப்போறான்?" என்றார் பெரியப்பா.

மூலையிலிருந்து அம்மா எழுந்தாள். நேற்றிலிருந்து வாய் திறக்காதவள். கதவுக்குப் பின்னாலிருந்த கடப்பாரையை எடுத்துத் தச்சர் கையில் கொடுத்தாள்.

"வெயில் ஏறுது," என்றாள். அவ்வளவுதான்.

ஆற்றோரத்தில், தண்ணீரை அடைக்கக்கூட மகள் விடவில்லை. முதல் பலகை பெயர்ந்ததும் வாய்க்கால் பக்கவாட்டில் உடைந்து கொட்டியது. "மெதுவா, மெதுவா" என்று தட்டை ஏந்திக்கொண்டு பெரியப்பா முழங்கால் நீரில் இறங்கினார். ஆறு அவரை விடச் சுறுசுறுப்பு.

"அடிப்பலகையில இந்தச் சட்டங்கள் இருக்கே, பேத்துடவா?" என்று தச்சர் கேட்டார்.

"வேணாம். இருக்கிறது இருக்கட்டும்."

சட்டங்களின் இடுக்கில் கறுப்பு மணல் ஈரமாக அப்பியிருந்தது. பெட்டி கூடியதும், வாய்க்காலின் கால்மாட்டுக் கம்பளியை அவள் உதறாமல் சட்டங்களின்மேல் விரித்தாள்.

"அந்தக் கம்பளிய எரிச்சுச் சாம்பல அலசினாலே..." என்று தொடங்கிய பெரியப்பா, அம்மா திரும்பிப் பார்த்ததும் மென்று விழுங்கினார்.

பெட்டியைத் தூக்கும்போது, கால்பக்கத்தை நானேதான் சுமப்பேன் என்று பெரியப்பா பிடிவாதமாக வந்து தோள் கொடுத்தார். அழுதுகொண்டுதான் இருந்தார், அதில் பொய்யில்லை. இடுகாட்டு மேட்டில் ஏறும்போது பெட்டி பின்பக்கம் சாய்ந்தது. பலகை இணைப்பிலிருந்து கலங்கல் நீர் சொட்டத் தொடங்கியது.

பின்னால் வந்த மகள் பார்த்தாள். பெரியப்பாவின் வலது கை தானாகக் கீழே இறங்கி, சொட்டுக்கு அடியில் குவிந்தது. கண்ணைத் துடைக்க அந்தக் கை ஒருமுறைகூட மேலே வரவில்லை.

குழிக்குள் பெட்டி இறங்கிற்று. அம்மா ஒரு பிடி மண் போட்டாள். மகள் போட்டாள். தச்சர் போட்டார்.

பெரியப்பா குனிந்து, இடது கையால் அள்ளிப் போட்டார்.