ஜெமிமா டீச்சரின் சுரைப்பிஞ்சு

ஜெமிமா டீச்சரின் பந்தலில் சுரைப்பிஞ்சுக்குக் குறைவில்லை. தங்கிய பிஞ்சுதான் ஒன்றுகூட இல்லை. விரல் நீளம் வந்ததும் நுனி மஞ்சளாகும், பிறகு மண்ணில் கிடக்கும்.

அது கணவர் ஞானசிகாமணி வருடந்தோறும் விதையெடுத்துப் போட்டுவந்த குண்டுச் சுரை. அவர் போன பிறகு டப்பாவில் மிஞ்சிய விதைகளில் இந்த ஒன்றுதான் முளைத்தது. ஒரு காயாவது முற்றாவிட்டால், பாளையங்கோட்டை வீட்டில் அந்தச் சுரை இதோடு முடிந்தது.

சாம்பல் தூவினாள், புளித்த மோர் தெளித்தாள். யூடியூபில் பூசணிக்குச் சொன்னபடி, விடிந்ததும் ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவில் தேய்த்தாள். நீளக் காம்பில் நிற்பது ஆண், அடியில் குட்டிச் சுரையோடு வருவது பெண், அதில் குழப்பமில்லை. ஆனால் இரண்டுமே ஈரத்துணி மாதிரித் துவண்டு கிடந்தன.

பக்கத்து வீட்டு ஷம்ஸியா மதிலுக்கு மேல் எட்டிப்பார்த்தாள்.

"என்ன டீச்சர், காலங்காத்தால பூவுக்குப் பாடம் நடத்துதியளோ?"

"நடத்தி என்ன செய்ய, ஒண்ணும் பாஸாக மாட்டேங்குது."

"சார் சாயங்காலம்லா நடத்துவாக. மஹ்ரிப் பாங்கு நேரம் நான் மாடியில துணி எடுக்க வந்தா, அங்கன பந்தலுக்குள்ளதான் நிப்பாக. 'ஜெபத்துக்குப் பிந்தினா உங்க டீச்சர் ஏசுவாம்மா'ன்னு சிரிப்பாக."

ஜெமிமாவின் கை நின்றது. அந்த நேரம் அவள் எப்போதும் முன்னறையில் டியூசன் பிள்ளைகளோடு இருப்பாள். அவர்களை அனுப்பிவிட்டு ஜெபத்துக்கு உட்கார்ந்தால், முதல் பாட்டு முடிகிறபோதுதான் அவர் வருவார், விரல்நுனியில் மஞ்சள் தூளோடு.

"கர்த்தரைவிட உங்களுக்குச் சுரைக்காய் பெருசு," என்று அவள் ஏசுவாள்.

"ரெண்டுக்கும் ஒரே நேரத்த வச்சது கர்த்தர்தானே, நான் என்ன செய்ய?"

அதைக் கேலி என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தாள்.

அன்று டியூசனைச் சீக்கிரம் முடித்துப் பந்தலுக்குப் போனாள். வெயில் தாழத் தாழ, காலையில் இறுக மூடியிருந்த மொட்டுகள் ஒவ்வொன்றாக வெள்ளையாய் விரிந்தன. பாங்கு கேட்டது. ஆண்பூ ஒன்றைப் பறித்து, இதழ்களை உரித்து, பெண்பூவின் நடுவில் மஞ்சள் தூள் ஒட்டும்வரை பையத் தொட்டாள். ஜெபத்துக்குப் பிந்திப்போனாள். ஏசத்தான் ஆளில்லை.

அந்தப் பிஞ்சு உதிரவில்லை. பருத்து, முற்றி, கொடியிலேயே காய்ந்தது; ஆட்டினால் உள்ளே விதை கலகலத்தது.

பூசணி காலையில் பூக்கும். சுரை அந்தியில் பூக்கும். அன்று விரிந்த ஆண்பூவை அன்று அந்தியிலேயே பெண்பூவில் தொட்டால் பிஞ்சு தங்கும்.