கம்பளிக் கூடையில் ஒரு பசு

கொரிந்துத் துறைமுகத்தில் காசு மாற்றித் தரும் டைனியாஸுக்குத் தன் கண்மேல் இருந்த நம்பிக்கை, கட்டிய மனைவிமேல் இருந்ததில்லை. மேசையில் விழும் வெள்ளி எந்த ஊருடையது என்று பார்த்ததும் சொல்லிவிடுவான். சந்தேகம் வந்தால் உளியை வைத்து ஒரே போடு. உள்ளே செம்பு ஒளிந்திருந்தால் பல்லை இளித்துவிடும். உளியின் முனை நடுவில் உடைந்திருந்ததால், அவன் வெட்டிய தடத்தின் நடுவே மெல்லிய வரப்பு ஒன்று நிற்கும். ‘டைனியாஸ் கடிச்ச காசு’ என்று துறைமுகமே கேலி பேசும்.

அன்று காலை தராசுக் கயிறு அறுந்துபோனது. நல்ல நூலாகத் தேடி, மனைவி கிளைனோவின் கம்பளிக் கூடைக்குள் கையை விட்டான். அடியில், துணியில் சுற்றி ஒரு வெள்ளிக் காசு. அதன் முகப்பில் கன்றுக்குப் பால் கொடுக்கும் பசு. பின்புறம் இரண்டு கட்டங்களுக்குள் நட்சத்திரக் கோடுகள். கொர்கிரா தீவுக் காசு.

கொர்கிரா என்றாலே அவனுக்கு வயிறு எரியும். தெருவில் ஒயின் விற்கும் பிலிஸ்கோஸ் அந்த ஊர்க்காரன். சுருட்டை முடி, ஓயாத வாய். அவன் பேச்சைக் கேட்டுக் கிளைனோ கதவுக்குப் பின்னால் நின்று சிரிப்பாள். புருஷன் பேச்சுக்கு அவள் அப்படிச் சிரித்ததே இல்லை. சிரிக்கும்படி அவன் எதையும் பேசியதில்லை என்பது வேறு விஷயம்.

கயிற்றைக் கட்டியும் கட்டாமலும் காசோடு துறைமுக மேசைக்கு ஓடினான். எதிர்த்தட்டில் கொரிந்தின் சிறகுக் குதிரைக் காசை வைத்தான், பசு இறங்கியது. குதிரையை எடுத்துவிட்டு ஏகினாத் தீவின் ஆமைக் காசை வைத்தான். ஆமை மயிரிழை இறங்கியது. இரண்டுக்கும் நடுவே, கொர்கிரா எடையேதான். எல்லாம் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியதில் பாழாய்ப்போன மனதுக்கு ஒரு திருப்திகூட.

அந்த நேரம் பார்த்து பிலிஸ்கோஸே வந்து நின்றான். “அண்ணே, இந்தப் பசுவைக் குதிரையா மாத்திக் குடுங்க.”

டைனியாஸ் கூடைக் காசை அவன் முன்னால் தள்ளினான். “இது ஒன்னோடதா?”

பிலிஸ்கோஸ் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். “அட, பழைய பசு! எங்கப்பா காலத்துல அடிச்சது. இப்பல்லாம் கண்ணுலயே படாது. எனக்குக் குடுத்துடுங்களேன்?”

“கேப்படா, கேப்ப. அடுத்தவன் வீட்டுப் பொருள்னா ஒனக்கு இனிக்குமே!”

“காலையிலயே தண்ணி கலக்காம குடிச்சுட்டீங்களா, அண்ணே?”

டைனியாஸ் காசைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தான். கிளைனோ தறியருகே இருந்தாள்.

“ஒங்கப்பா வீட்டுக்குக் கெளம்பு” என்றான்.

“என்ன ஆச்சு உங்களுக்கு?”

காசை அவள் மடியில் எறிந்தான். “கொர்கிரா பசு. எடையும் பாத்தாச்சு, கொர்கிரா எடை. ஒயின்காரன் ஊர்க் காசு ஒன் கூடைக்குள்ள எப்படி வந்துச்சு? சொல்லுடி!”

கிளைனோ அழவில்லை. காசைத் திருப்பி அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். “அத்தனையும் பாத்தீங்களே, இதைப் பாத்தீங்களா?”

கட்டத்தின் ஓரத்தில் உளி வெட்டு. நடுவே மெல்லிய வரப்பு. நாளெல்லாம் பார்த்துப் பழகிய தடம் என்பதால் கண் அதைத் தாண்டிப் போயிருந்தது.

“கல்யாணத்தன்னிக்கு என் முகத்திரையை விலக்கிட்டு நீங்க குடுத்த காசு. நம்ம வீட்டுலயும் இப்படி ஒரு கன்னு துள்ளணும்னு சொன்னீங்க. துள்ளல. இருந்தாலும் அப்பப்ப எடுத்துப் பாத்துக்குவேன்.”

டைனியாஸ் அந்த வெட்டை விரலால் தடவினான். “கல்யாணக் காசையா வெட்டுனேன்?”

“அத்தனை பேருக்கும் முன்னால, என் கையில குடுக்குறதுக்கு முன்னாடி வெட்டிப் பாத்தீங்க. எனக்கு மானம் போச்சு. எங்கப்பாதான், தொழில் புத்தி, போகப்போகச் சரியாயிடும்னாரு.” சால்வையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். “சரியாகலைன்னு அவருகிட்டப் போய்ச் சொல்றேன்.”

காசை அவன் உள்ளங்கையில் வைத்துவிட்டு வாசலைத் தாண்டினாள். அவளைக் கூப்பிடத்தான் வாயைத் திறந்தான். அதற்குள் தெருக்கோடியில் பிலிஸ்கோஸ் கூவும் குரல் கேட்டது. டைனியாஸ் வாயை மூடிக்கொண்டு, அவள் எந்தப் பக்கம் திரும்புகிறாள் என்று கதவிடுக்கில் எட்டிப் பார்த்தான்.