மாப்பிள்ளை பார்த்த முடிவு

வாடகை நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தவளிடம் கணவன் வந்து மெதுவாக ஆரம்பித்தான். அவளுடைய அப்பாவை அடக்கம் செய்துவிட்டு வந்து அவன் கழுவிய முகம்கூட இன்னும் காயவில்லை.

"நேத்து சாயங்காலம் மாமா என்கிட்ட ஒண்ணு கேட்டார்."

"என்ன?"

"அந்தப் படத்துல வர்ற கிளாரினெட்காரன் கடைசியில பொழைச்சானான்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"செத்துட்டான்னு சொன்னேன்."

அவள் தூக்கிய நாற்காலியைக் கீழே போட்டாள். "அடப்பாவி மனுஷா! அவன் சாகலைங்க. பொழைச்சு வந்துர்றான்!"

"தூக்கிட்டுப் போனாங்களே, நான் பாத்தேனே."

"அது அவனுக்கு ரொட்டி கொண்டுவந்து குடுத்த வாட்ச்மேன்! நடுவுல முழிச்சுப் பாத்துட்டு மறுபடி தூங்கியிருப்பீங்க!"

அவன் விழுந்த நாற்காலியை எடுத்து நிமிர்த்தினான். பேக்கரியில் ரொட்டி சுடுகிறவன். விடியுமுன்பே அடுப்புக்கு முன்னால் போய் நிற்கிற உடம்பு, விளக்கை அணைத்துப் படம் போட்டால் சொக்கிவிடும். கல்யாணமானதிலிருந்து அவன் ஒரு படத்தையாவது முழுசாகப் பார்த்ததில்லை. பார்த்துவிட்டதாகச் சொல்லிக்கொள்வதில் மட்டும் ஒருநாளும் குறை வைத்ததில்லை.

அது போர்க்காலத்துப் படம். கிளாரினெட் வாசிக்கும் யூத இசைக் கலைஞன் ஒருவன், எதிரி ராணுவ அதிகாரிகள் குடியிருக்கும் கட்டடத்தின் உச்சியிலேயே ஒளிந்துகொள்கிறான். ஒளிகிற இடம் லிஃப்டின் மோட்டார் அறை. மோட்டார் ஓடும்போது இருமலாம், புரண்டு படுக்கலாம். நின்றுவிட்டால் மூச்சுக்கூட விடக்கூடாது. அப்பாவோ வாழ்நாளெல்லாம் லிஃப்ட் மெக்கானிக். கேட்கவேண்டுமா? "அந்த மோட்டார் முனகுது பாரு, அப்படியே இருக்கு!" என்று கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். மூக்கில் ஆக்சிஜன் குழாய், பக்கத்தில் உறுமுகிற மெஷின். "இது ஓடுற வரைக்கும் நானும் இருமலாம்" என்று அம்மாவைப் பார்த்துக் கண்ணடித்தார்.

அந்த வீட்டில் ஒரு சட்டம் உண்டு. படம் பார்த்தவர்கள் சாப்பாட்டு மேஜையில் கருத்துச் சொல்லியே ஆகவேண்டும். முடிவைப் பற்றி மட்டும் மூச்சு விடக்கூடாது. முன்பொரு தடவை சித்தப்பா ஒரு படத்தின் கொலைகாரனை உளறிவிட்டு, ஒரு மழைக்காலம் முழுக்க அப்பா வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்க முடியாமல் திண்டாடினார்.

இந்தப் படத்துக்கும் கருத்துக்குக் குறைவில்லை. "போர்ப்படம்னு உக்காந்தா ஒரு பீரங்கிகூட வெடிக்கல. ஒருத்தன் மூச்சு விடுறதையே காட்டிக்கிட்டிருக்கான்" என்றார் சித்தப்பா. "அந்த மூச்சுதான் சித்தப்பா படமே" என்று அவள் சண்டைக்குப் போனாள். "மனசைப் பிசையுது" என்றான் கணவன். எல்லாப் படத்துக்கும் அவன் அதைத்தான் சொல்வான்.

அப்பாவும் அம்மாவும் மட்டும் பாதியில் இருந்தார்கள். அப்பா சீக்கிரம் களைத்துப்போவதால் அம்மாவோடு கொஞ்சம் கொஞ்சமாகப் பார்த்தார். "எத்தனை பேரை வாரிக்கிட்டுப் போனானுங்க, படுபாவிங்க. இவன் ஒருத்தனாவது மூச்சு விடட்டும்" என்றார். நேற்றுச் சாயங்காலம், படத்தில் மின்சாரம் போய் மோட்டார் நின்று, மாடிப்படியில் பூட்ஸ் சத்தம் ஏறி வருகிற இடத்தில் கண் அசந்துவிட்டது. மிச்சத்தை நாளைக்குப் பார்க்கலாம் என்றார். காலையில் அவரே இல்லை.

சட்டம் போட்ட மனுஷனே வாய்விட்டு முடிவைக் கேட்டிருக்கிறார். நாளை இல்லை என்று தெரிந்துதான் கேட்டிருக்கிறார். கேட்டவருக்கு இப்படியா ஒரு பதில் கிடைக்கவேண்டும்? காலையிலிருந்து வராத அழுகை அவளுக்கு இப்போதுதான் பொங்கிக்கொண்டு வந்தது. நான் அடுக்களையில்தானே இருந்தேன், என்னைக் கூப்பிட்டிருக்கக் கூடாதா என்று மனசு அடித்துக்கொண்டது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்பாவின் அறைக்குப் போனாள். அம்மா ஆக்சிஜன் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அப்பா ராத்திரி ரொம்பக் கவலையா இருந்தாரா?"

"கவலையா? சிரிச்சுக்கிட்டே இல்ல படுத்தாரு."

"சிரிச்சாரா?"

"ஆமா. 'மாப்பிள்ளைகிட்ட கேட்டேன், அந்தாளு செத்துட்டான்னு சொல்றாரு. அப்ப நிச்சயம் பொழைச்சுட்டான்'னாரு."

அவள் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள்.

"'மாப்பிள்ளை என்னைக்கு முழிச்சிருந்து படம் பாத்தாரு? வேற யாரையோ தூக்கிட்டுப் போறதைத் தூக்கத்துல பாத்திருப்பாரு. அந்த ரொட்டி குடுக்குறவனா இருக்கும், பாவம்'னாரு. முடிவைக் கேக்கக்கூடாதுன்னு சட்டம் போட்டுட்டு நீங்களே கேக்கலாமான்னு நான் விடல. 'மககிட்ட கேட்டாத்தான்டி சட்டம் உடையும். மாப்பிள்ளை சொல்றது எந்தக் கணக்குலயும் சேராது'ன்னு ஒரே சிரிப்பு. இருமலே வந்துடுச்சு. 'கரண்டு வரட்டும், அந்த லிஃப்ட்லயே ஜம்முனு இறங்கி வருவான் பாரு'ன்னுட்டுக் கண்ணை மூடினாரு."

நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாறாங்கல்லை யாரோ இறக்கிவைத்ததுபோல இருந்தது அவளுக்கு. அப்பாடா என்று வாய்விட்டே சொன்னாள். லிஃப்ட்! அதையும் சரியாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, அப்பா சொன்னது..." என்று ஆரம்பித்தாள்.

"வாயைத் தொறந்தே, தெரியும் சேதி!" என்றாள் அம்மா. "நான் இன்னும் பாக்கல. மூஞ்சியையும் அந்தப் பக்கம் திருப்பிக்கோ."

அவள் திரும்பிக்கொண்டு அழுதாள், சிரித்தாள். வாசற்படியில் தயங்கி நின்ற கணவனைப் பார்த்து, "பொழைச்சீங்க போங்க" என்றாள். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் பெருமூச்சு விட்டான்.

சொந்தபந்தமெல்லாம் கிளம்பிய பிறகு, பொழுது சாய்கிற நேரத்தில், மிச்சப் படத்தைப் போடச் சொன்னாள் அம்மா.

"இன்னைக்கேவா அண்ணி? பாக்குறவங்க என்ன சொல்லுவாங்க?" என்றார் சித்தப்பா.

"அவங்க கருத்தையும் சொல்லிட்டுப் போகட்டும்" என்றாள் அம்மா.

சித்தப்பா வந்து உட்கார்ந்தார். "இந்தத் தடவை கண்ணு மூடமாட்டேன் அத்தை, சத்தியமா" என்று கணவன் முதுகை நிமிர்த்திக்கொண்டான். அப்பா விட்ட இடத்திலிருந்து படம் தொடங்கியது. பூட்ஸ் சத்தம் இரண்டாவது மாடியைத் தாண்டுவதற்குள் அவன் தலை தோளில் சாய்ந்துவிட்டது.

அம்மா எழுந்துபோய் அவனுடைய மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடக்கி, தன் மடியில் வைத்துக்கொண்டாள். திரையில் மின்சாரம் வந்தது. நின்றிருந்த மோட்டார் முனகி, மெல்ல ஓட ஆரம்பித்தது.

"சத்தத்தைக் கொஞ்சம் கூட்டு" என்றாள் அம்மா.