பாக்கெட் இல்லாத சட்டை

விடிந்தும் விடியாத ஐந்து மணிக்கே எங்கள் தையல் கூடத்தில் மெஷின்கள் ஓட ஆரம்பித்துவிட்டன. காக்கி முரட்டுத் துணி. புதுசாக இருக்கும்போது அட்டை மாதிரி விறைத்துக்கொண்டு நிற்கும். அதை மடக்கி ஊசிக்குக் கீழே தள்ளித் தள்ளி விரல் நுனியில் ரேகையே தேய்ந்துபோகும். துணியின் தூசி தொண்டையில் இறங்கும். மூக்கைச் சிந்தினால் கைக்குட்டையும் காக்கியாகிவிடும். நான் காஜா எடுத்துப் பொத்தான் வைக்கிறவள். சட்டைக்குப் பத்து காஜா, பத்துப் பொத்தான். ஒவ்வொரு பொத்தானையும் இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பேன். எங்கள் வாடிக்கையாளர்களின் வயிறு அந்தப் பொத்தான்களைப் படுத்துகிற பாடு கொஞ்சநஞ்சமல்ல.

வெள்ளிக்கிழமைக்குள் இருநூற்று இருபது சட்டை வேண்டும். அன்றைக்குக் 'காவலர் மக்கள் நட்பு நாள்'. இந்த ஊரில் போலீசுக்கும் ஜனங்களுக்கும் நடுவே நம்பிக்கை குறைந்துவிட்டதாம். இதைக் கண்டுபிடிக்க ஒரு குழு போட்டார்களாம். எங்கள் தெருவில் யாரைக் கேட்டிருந்தாலும் டீச் செலவுகூட இல்லாமல் சொல்லியிருப்பார்கள். வீட்டில் திருட்டுப் போனால் நாங்கள் ஸ்டேஷனுக்குப் போவதில்லை. போனதோடு போகட்டும் என்று கதவைச் சாத்திக்கொள்கிறவர்கள். குழு மாசக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டு கடைசியில் கண்டுபிடித்த மருந்து, புதுச் சட்டை. இடது தோளில் நீல நூலில் 'மக்களின் தோழன்' என்று ஒரு வில்லை. அதைத் தைக்கும்போது எங்களில் ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

நாங்கள் மொத்தம் பதினோரு பேர். அந்தப் புதன்கிழமை பத்துப் பேர்தான் இருந்தோம். மூலையில் இஸ்திரி மேசை ஆளில்லாமல் கிடந்தது. அது என் அண்ணனுடைய இடம்.

இந்த நட்பு நாளைக் காரணம் காட்டி முதலாளி வேலை நேரத்தை விடியற்காலை ஐந்திலிருந்து ராத்திரி ஒன்பதுவரை இழுத்துவிட்டிருந்தார். திங்கட்கிழமை காலை நாங்கள் உள்ளே போகாமல் வாசலில் நின்றோம். கேட்டது ஒன்றே ஒன்று: ஆறு மணிக்கு வீட்டுக்கு விடுங்கள். கல்லை எடுக்கவில்லை. கோஷம்கூடப் போடவில்லை, அதற்கும் தெம்பு வேண்டுமே. முதலாளி போனை எடுத்தார். கால் மணி நேரத்தில் வேன் வந்து நின்றது. முன்பு ஒரு தடவை எங்கள் தெருவில் திருடன் வீடு புகுந்தபோது, கூப்பிட்டும் பாதி நாள் கழித்து வந்த அதே வேன். ஏழு பேர் இறங்கினார்கள். ஏழு பேர் மார்பிலும் பெயர்ப் பட்டை இல்லை. கழற்றிப் பத்திரமாக வைத்துவிட்டு வந்திருந்தார்கள். பெற்றவர்கள் வைத்த பெயரோடு இந்த வேலையைச் செய்ய அவர்களுக்கே கூச்சமாக இருந்திருக்கும்.

முன்னால் நின்றது அண்ணன். அதனால் அவனைத்தான் பிடித்தார்கள். அண்ணி ஓடிப்போய், அவனை இழுத்தவனின் சட்டையைப் பற்றிக்கொண்டாள். அவன் உதறினான். அண்ணி தரையில் விழுந்தாள். அவள் கையோடு அவன் சட்டைப் பாக்கெட்டும் வந்துவிட்டது. வேன் போய்விட்டது.

மறுநாள் நானும் அண்ணியும் ஸ்டேஷனுக்குப் போனோம். மேசையில் இருந்த ரைட்டர் விரலை நாக்கில் தொட்டு நோட்டைப் புரட்டினான்.

"அப்படி யாரும் இங்க இல்லம்மா."

"எங்க கண்ணு முன்னாலதானே வேன்ல ஏத்துனாங்க?" என்றாள் அண்ணி.

"திங்கக்கிழமை எங்க வேன் வெளியவே போகல. ரிப்பேர். எவனாவது ரவுடிப் பசங்க போலீஸ் டிரெஸ் போட்டுக்கிட்டு வந்திருப்பானுங்க. போய் சொந்தக்காரங்க வீட்ல தேடிப் பாரு."

பொய்யைக்கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியாதவனுக்கு எழுத்து வேலை கொடுத்து உட்கார வைத்திருக்கிறார்கள். ஆனால் அது சாதாரணப் பொய் இல்லை. இல்லை என்று எழுதிவிட்ட ஆளை என்ன வேண்டுமானாலும் செய்யலாம். போன வருஷம் எங்கள் பக்கத்துத் தெருக்காரன் ஒருவன் இப்படித்தான் ஸ்டேஷனில் 'இல்லாமல்' இருந்தான்; நாலாம் நாள் ரயில் பாதை ஓரத்தில் கிடைத்தான். வீட்டுக்கு நடந்தே திரும்பினோம். அவள் எதை நினைத்துக்கொண்டு நடக்கிறாள் என்று எனக்குத் தெரியும். நானும் அதையே நினைத்துக்கொண்டு நடந்தேன்.

அப்படி இருந்தும் புதன்கிழமை வேலைக்கு வந்தோம். வயிறு என்று ஒன்று இருக்கிறது. அண்ணியும் வந்து காலர் மெஷினில் உட்கார்ந்தாள்.

எட்டு மணிக்கு முதலாளி ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்து, அதை 'ரேடியோ'வின் மெஷின் மேல் போட்டார். பாக்கெட் தைக்கிறவனுக்கு நாங்கள் வைத்த பெயர் அது. காலையில் திறந்தால் சாயங்காலம்வரை அவன் வாய் மூடாது. திங்கட்கிழமையிலிருந்து மட்டும் அவன் பேசவே இல்லை.

"ஸ்டேஷன்லருந்து குடுத்து விட்டிருக்காங்க. தாழ்ப்பாள்ல மாட்டிக் கிழிஞ்சிடுச்சாம். நாளைக்கு அவங்களுக்குப் பழைய சட்டைக் கணக்கு பார்ப்பாங்களாம். உள்ள துணி வச்சு, மேல புது பாக்கெட் போட்டுக் குடு. கைவேலைய அப்படியே வச்சுட்டு இத முடி." சொல்லிவிட்டு அவர் தன் கண்ணாடி அறைக்குள் போய்விட்டார். அந்த அறைச் சுவர் முழுக்க அவர் அதிகாரிகளோடு பல்லை இளித்துக்கொண்டு நிற்கிற படங்கள்.

ரேடியோ சட்டையை உதறி விரித்தான். விரித்தவன் அப்படியே நின்றுவிட்டான். இடது மார்பில் பாக்கெட் இல்லை. பாக்கெட் இருந்த இடத்தில் துணியும் இல்லை. ஓட்டை. ஊர் போலீசின் பழைய சட்டைகளும் எங்கள் கூடத்தில் தைத்தவைதான்; ரேடியோ பாக்கெட் மூலைக்கு மூன்று தடவை ஊசியை ஓட்டுகிறவன். இழுத்தால் துணி கிழியுமே தவிர அவன் தையல் விடாது. அதில் அவனுக்குக் கர்வம் உண்டு.

அண்ணி எழுந்து வந்தாள். சாப்பாட்டுப் பையின் அடியிலிருந்து அந்தப் பாக்கெட்டை எடுத்து ஓட்டையின் மேல் வைத்தாள். ஓரத்துக் கிழிசல் பிசிறு பிசிறாகப் பொருந்தி உட்கார்ந்தது. மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

எனக்கு அழுகை வரவில்லை. அருவருப்புத்தான் வந்தது. மனுஷனை இழுத்துக்கொண்டு போய் மறைத்து வைத்தவன், அந்த மனுஷனின் பெண்டாட்டி தைக்கிற இடத்துக்கே சட்டையை அனுப்புகிறான். துணிச்சலா? மண்ணாங்கட்டி. எங்களுக்கும் கண் இருக்கும் என்பது அவன் புத்திக்கு எட்டவே இல்லை. அளவெடுக்கும்போதுகூடக் கையைத் தூக்கிக்கொண்டு எங்கள் தலைக்கு மேலே சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவர்கள்தானே.

கட்டிங் மாஸ்டர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வந்து, சட்டையின் கழுத்துப் பட்டையைத் திருப்பினார். உள்ளே அழியாத மையில் அவர் கையால் எழுதிய நம்பர்: 114. அளவு நோட்டைக் கொண்டுவந்து பிரித்தார். நூற்றுப் பதினான்குக்கு நேரே கழுத்து பதினாறரை, இடுப்பு நாற்பத்து மூன்று, பக்கத்திலேயே பெயர். அந்தப் பெயரை எழுதி என் தாளை அழுக்காக்கப் போவதில்லை. மார்பில் இருந்த பெயரைக் கழற்றி வைத்தவன் கழுத்தில் இருந்த நம்பரை மறந்துவிட்டான். இந்தப் புத்திசாலிகளை நம்பித்தான் ஊரே தூங்குகிறதாம்.

"வேண்டாம் மாஸ்டர்," என்றான் ரேடியோ. "தைச்சுக் குடுத்துடலாம். பாக்கெட் போட்டது என் கை. மொத ஆளா என்னைத்தான் தூக்குவாங்க. எனக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்கு."

"தைச்சுக் குடு," என்றாள் அண்ணி. "குடுத்துட்டு சாயங்காலம் எங்க வீட்டுக்கு வா. அப்பா எங்கன்னு என் பிள்ளைங்க கேக்கும். அதையும் நீயே சொல்லிடு."

ரேடியோ சட்டையிலிருந்து கையை எடுத்துக்கொண்டான். மெஷின் சத்தம் கேட்காததால் முதலாளி வெளியே ஓடி வந்தார். மேசையைப் பார்த்ததுமே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"அந்தத் துண்டை இங்க குடு."

"எதுக்கு முதலாளி?" என்றார் மாஸ்டர்.

"அது போலீஸ் சொத்து."

"அப்ப எங்க வீட்டு மனுஷன் யார் சொத்து?" என்று அண்ணி கேட்டாள்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். "இந்த ஆர்டர் போச்சுன்னா நீங்க எல்லாரும் நடுத்தெருவுலதான் நிக்கணும். நான் உங்க நல்லதுக்குச் சொல்றேன்மா. ரெண்டு நாள்ல அவனே வந்துடுவான். நான் இன்ஸ்பெக்டர்கிட்ட பேசுறேன்."

"ரெண்டு நாள்ல வந்துடுவானா? அங்க இல்லாத ஆளு எப்படி வருவாரு முதலாளி?" என்றேன். "அப்ப அங்க இருக்காருன்னு உங்களுக்குத் தெரியும்."

மூன்று வருஷமாக இந்த ஆளுக்குப் பயந்தா ஓடி ஓடி வேலை செய்தோம் என்று எனக்கு என் மேலேயே கோபம் வந்தது. மாஸ்டர் அளவு நோட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அண்ணி சட்டையை மடித்துக் கையில் எடுத்தாள். நாங்கள் படி இறங்கினோம். பாதித் தெரு போனதும் திரும்பிப் பார்த்தேன். கடைசியாக ரேடியோ வந்துகொண்டிருந்தான், கத்தரிக்கோலை வைக்க மறந்து கையிலேயே பிடித்தபடி. மாஸ்டர் அதை வாங்கி டீக்கடையில் கொடுத்து வைத்தார். போலீசுக்குச் சாக்கு எடுத்துக்கொடுக்க வேண்டாமே.

ஸ்டேஷன் வாசலில் வெள்ளிக்கிழமைக்காகப் பெரிய தட்டி வைத்திருந்தார்கள். கைகுலுக்குகிற இரண்டு கைகள். அதைத் தாண்டி உள்ளே போய், மாஸ்டர் சட்டையை ரைட்டரின் மேசையில் விரித்தார். அண்ணி பாக்கெட்டை அதன் இடத்தில் வைத்தாள்.

"நூத்திப் பதினாலு. உங்க ஆளுதான். நோட்டுல பேரு இருக்கு," என்றார் மாஸ்டர். "புகார் எழுதிக்குங்க."

ரைட்டர் உள்ளே ஓடினான். இன்ஸ்பெக்டர் வாயைத் துடைத்துக்கொண்டே அவனோடு வந்தார். சட்டையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். ஒற்றை ஆளைப் பிரித்தெடுத்தால் மற்றவர்கள் கலைந்துவிடுவார்கள் என்று கணக்குப் போட்டார். அதற்கு மேல் அந்தத் தலையில் ஏதும் ஓடியதாகத் தெரியவில்லை.

"இத எவன்டா தைச்சது?"

"வெட்டினது நான்," என்றார் மாஸ்டர்.

"காலர் நான்," என்றாள் அண்ணி.

"கை வச்சது நான்." "பொத்தான் பட்டி நான்." "தோள் நான்." "பக்கத் தையல் நான்." ஒவ்வொருவராகச் சொன்னோம். "காஜாவும் பொத்தானும் நான். மூணாவது பொத்தானைச் சும்மா சும்மா பிச்சுக்கிட்டு வருவாரு, நல்லா ஞாபகம் இருக்கு," என்றேன் நான்.

"பாக்கெட் எவன்?"

ரேடியோவை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அது அவனாகச் சொல்ல வேண்டியது.

"நான்தான் சார்," என்றான் ரேடியோ. இன்னொரு தடவை, சத்தமாகச் சொன்னான். "நான்தான். தாழ்ப்பாள்ல மாட்டினா ஒரு மூலைதான் சார் கிழியும். இது ஆளு புடிச்சு இழுத்தது. எந்தக் கோர்ட்லயும் வந்து சொல்லுவேன்."

"என்னடா விளையாடுறீங்களா? ஒரு சட்டைய இத்தனை பேராடா தைப்பீங்க?"

"பதினோரு பேரு சார்," என்றார் மாஸ்டர்.

இன்ஸ்பெக்டர் விரலை நீட்டி எண்ணினார். "பத்துப் பேருதான இருக்கீங்க?"

"இஸ்திரி போட்டவரு உள்ள இருக்காரு," என்றாள் அண்ணி.

இன்ஸ்பெக்டரின் முகம் கறுத்தது. "பொம்பள, வாய் நீளுது! ரெண்டு விரல் வீங்கினதுக்கு ஊரையே கூட்டிக்கிட்டு வந்து..."

நிறுத்திக்கொண்டார். ரைட்டரின் பேனா அந்தரத்தில் நின்றது. விரலைப் பற்றி எங்களில் ஒருவரும் பேசியிருக்கவில்லை. அண்ணனை வேனில் ஏற்றியபோது அவனுக்கு இரண்டு கையும் நன்றாகத்தான் இருந்தன.

அண்ணி மேசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"எந்தக் கை சார்?" என்றாள். "அவரு அந்தக் கையாலதான் பொழைக்கிறாரு. எந்தக் கைன்னு சொல்லுங்க."

இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு, "சாயங்காலம் வாங்க, பார்க்கலாம்," என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். நேற்று இல்லாத ஆள் இன்றைக்குச் சாயங்காலம் பார்க்கலாம் என்கிற அளவுக்கு வந்துவிட்டான். அவன் உயிரோடு இருக்கிறான்.

"சாயங்காலம்வரைக்கும் இங்கயே இருக்கோம்," என்றாள் அண்ணி. சட்டையையும் பாக்கெட்டையும் மறுபடி தன் கையில் எடுத்துக்கொண்டாள். நாங்கள் பத்துப் பேரும் அந்தக் கூடத்துத் தரையிலேயே உட்கார்ந்தோம். இரண்டு கான்ஸ்டபிள்கள் தடியோடு வந்து எங்களைச் சுற்றி நின்றார்கள். அடுத்து என்ன செய்வதென்று அவர்களுக்கும் தெரியவில்லை. மாஸ்டர் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அவர்கள் கழுத்தை உற்றுப் பார்த்தார். ஒருவன் கையால் கழுத்துப் பட்டையை மூடிக்கொண்டான்.

வாசல் பெஞ்சில் நாங்கள் வரும்போதே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு பழைய காகிதக் கட்டு. யாரென்று எங்களுக்குத் தெரியாது. அவள் எழுந்து எங்கள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"எங்க வீட்டுக்காரரையும் இங்க இல்லன்னுதான் சொன்னாங்க," என்றாள். "ஆறு மாசமாச்சு. நான் தனியா வந்து வந்து கேட்டுக்கிட்டிருக்கேன்."

நாங்கள் நெருக்கி உட்கார்ந்து அவளுக்கு இடம் விட்டோம்.